பெருந்தோட்டச் சுகாதார ஒருங்கிணைப்பு ஆய்வுகளும் ஆய்விதழ்ச் சமர்ப்பிப்பும்

நோய்த்தடுப்பு, சிகிச்சை, தாய் சேய் நலம், சமூக நலன்புரி ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் தனித்தனியே நடத்தும் நிலை மாறி, நோயாளியின் தேவையைச் சுற்றி அவை ஒரே தொடராக இயங்கும் ஏற்பாடு ஒருங்கிணைந்த சுகாதாரப் பராமரிப்பு எனப்படும். இத்துறைக்கென்றே 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஒருங்கிணைந்த பராமரிப்புக்கான சர்வதேச ஆய்விதழ்' உலகளவில் அறியப்பட்டது. இலங்கையில் 1887 முதல் வெளிவரும் 'இலங்கை மருத்துவ ஆய்விதழ்' போன்றவையும் இத்தகைய கட்டுரைகளுக்குரிய களங்களாகும். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் இத்துறைக்கு அரிய ஆய்வுப்பொருள். தோட்ட நிருவாகத்தின் மருத்துவ ஏற்பாடும் அரசின் பொதுச் சுகாதார ஏற்பாடும் ஒரே மக்கள் மீது இரு வேறு வழிகளில் செயற்பட்டு, இன்னும் முழுமையாக இணையாத இடம் அது.

இப்பிளவு கோப்பிக் காலத்திலேயே தொடங்கியது. 1872ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் வழிவந்த 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட முதலாளிகளின் பொறுப்போடு பிணைத்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது நலன்புரிப் பணிகளுக்கென ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. அது 2002இல் பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. இதற்கிடையே 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13ஆம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாண சபைகளுக்கு வழங்கியிருந்தது. இதனால், லயத்தில் வாழும் ஒரு கர்ப்பிணியை மருத்துவ மாது ஓர் அமைப்பின் சார்பிலும் தோட்ட வைத்திய உதவியாளர் மற்றோர் அமைப்பின் சார்பிலும் கவனிக்க, பிரசவம் நுவரெலியா வைத்தியசாலையிலோ, இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்திலோ நிகழலாம். குழந்தை வளரும் பிள்ளைக் காம்பராவோ வேறொரு நிருவாகத்தின் கீழ் வரும்.

இந்தப் பின்னணியை எழுதாமல் சமர்ப்பிக்கப்படும் கட்டுரை பெரும்பாலும் வலுவிழக்கிறது. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய அளவில் 17.3 சதவீதமாகவும் தோட்டத் துறையில் 31.7 சதவீதமாகவும் இருந்தனர். இவ்வெண்களை எடுத்தாளும் ஆய்வாளர், குடிசன மதிப்பீட்டில் தோட்டத் துறை என்பது 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் குறைந்தது 10 வதிவிடத் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டங்களை மட்டும் குறிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தை விட்டு ஹட்டன் நகரத்துக்கோ கொழும்புக்கோ குடிபெயர்ந்தோர் இதில் அடங்குவதில்லை. வெளிநாட்டு மதிப்பாய்வாளருக்கு இது தானாகத் தெரிய வாய்ப்பில்லை.

ஆய்விதழைத் தேர்ந்த பின் கட்டுரை வகை முடிவாக வேண்டும். மேற்கூறிய சர்வதேச ஆய்விதழ் கோட்பாட்டு ஆய்வுகளோடு கொள்கைக் கட்டுரைகளையும், ஓர் ஒருங்கிணைப்பு முயற்சி எவ்வாறு நடந்தது என விவரிக்கும் நிகழ்வாய்வுகளையும் ஏற்கிறது. ஒரு தோட்டத்தில் கிளினிக்கும் வைத்திய உதவியாளரின் மருந்தகமும் பதிவேடுகளைப் பகிர்ந்துகொண்ட அனுபவத்துக்குப் பின்னதே பொருந்தும். நோக்காய்வுகளுக்கு 2007இல் வெளியான ஸ்ட்ரோப் வழிகாட்டியும், நேர்காணல் ஆய்வுகளுக்கு 32 அம்சங்களைக் கொண்ட கோரெக் பட்டியலும் எவற்றை எழுத வேண்டும் என்பதை வரையறுக்கின்றன.

ஒழுக்கநெறி அனுமதி தரவு திரட்டுமுன்பே பெறப்பட வேண்டும். முடித்த ஆய்வுக்குப் பின்னர் அனுமதி கோருவதை ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்கள் பொதுவாக ஏற்பதில்லை. தோட்டங்களில் இன்னொரு நுட்பமும் உண்டு: நிருவாகத்தின் அனுமதி ஆய்வாளர் தோட்டத்துக்குள் நுழைவதற்கான அனுமதியே தவிர, தொழிலாளியின் சம்மதம் ஆகாது. பிரட்டுக்களத்தில், கங்காணியும் உத்தியோகத்தரும் பார்த்திருக்கையில் ஒரு கொழுந்துப் பெண்ணிடம் பெற்ற கையெழுத்தைச் சுயவிருப்பச் சம்மதம் என்று எழுதுவது நேர்மையாகாது. சம்மதம் எங்கே, எம்மொழியில், யார் முன்னிலையில் பெறப்பட்டது, எழுத்தறியாதோருக்கு எவ்வாறு விளக்கப்பட்டது என்பன முறையியல் பகுதியில் வரவேண்டிய செய்திகள். சிறு தோட்டத்தில் வைத்திய உதவியாளர் ஒருவரே இருப்பார்; ஆகவே தோட்டத்தின் பெயரை வெளியிடுவதே அவரை அடையாளம் காட்டிவிடும்.

ஆசிரியத்துவத்துக்கு மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை விதிக்கிறது: ஆய்வின் வடிவமைப்பு, தரவு, விளக்கம் ஆகியவற்றுள் ஒன்றில் கணிசமான பங்களிப்பு, வரைவை எழுதுதல் அல்லது செம்மைப்படுத்தல், இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல். தரவு மட்டும் திரட்டியவர் நன்றியுரையில் இடம்பெறுவார். ஆனால் எந்த லயத்தில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என வடிவமைத்ததே மருத்துவ மாதாக இருந்தால், வரைவையும் அவரிடம் காட்டி ஆசிரியராகச் சேர்ப்பதே முறை. பல ஆய்வுகளில் இந்த வாய்ப்பு அவர்களுக்குத் தரப்படுவதில்லை.

சமர்ப்பித்த கட்டுரையை ஆய்விதழின் பதிப்பாசிரியர் முதலில் பொருத்தம் பார்த்து, வழக்கமாக இருவர் அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பாய்வாளரிடம் அனுப்புவார். திருத்தம் கோரும் கடிதத்துக்கு ஒவ்வொரு கருத்தாகப் பதிலளிப்பது மரபு. உடன்படாத இடத்தில் காரணத்துடன் மறுக்கலாம். வெளியீட்டுக் கட்டணம் அறவிடும் ஆய்விதழ்களில் சலுகை உண்டா என்பதைச் சமர்ப்பிக்கும் முன்பே விசாரிப்பது நல்லது. மதிப்பாய்வின்றிப் பணம் வாங்கி வெளியிடும் போலி ஆய்விதழ்கள் இளம் ஆய்வாளரின் உழைப்பை வீணாக்குகின்றன. 2008 முதல் இயங்கும் 'இலங்கை ஆய்விதழ்கள் இணையத்தொகுப்பு' உள்நாட்டு ஆய்விதழ்களைக் கட்டணமின்றி வாசிக்க உதவுகிறது.

மூல ஆசிரியரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியாகும் கட்டுரையை, தனி அனுமதி பெறாமலே தமிழில் மொழிபெயர்த்துத் தோட்டக் கிளினிக்குகளிலும் பிள்ளைக் காம்பராக்களிலும் வழங்கலாம்.