மலைவழியும் சக்கரப் பூட்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லார் வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வளைவுகளில் மோட்டார் வண்டி திரும்பும்பொழுது அதன் இருபுறச் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும், உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 4 அடி அகலமுள்ள ஒரு ஜீப் வண்டி அரைவட்டமாகத் திரும்புமானால், வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 12½ அடி அதிக தூரம் ஓடியாக வேண்டும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இக்கணக்கு மாறுவதில்லை.

நம் மாட்டு வண்டிக்கு இதனால் இடர் ஏதும் இல்லை. அதன் அச்சு நிலையாக நிற்கிறது. சக்கரங்கள் அதன் முனைகளில் தனித்தனியே சுழல்கின்றன. இழுப்பது மாடு, உருள்வது சக்கரம். ஆனால் யந்திரமே அச்சைச் சுழற்றி வண்டியை ஓட்டத் தொடங்கியபொழுது சிக்கல் பிறந்தது. இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தினால், வளைவில் ஏதேனும் ஒரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் செல்லும். இல்லையேல் அச்சு முறியும்.

இதற்குத் தீர்வு கண்டவருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலறிஞர் ஒனேசிஃபோர் பெக்கர். நீராவி வண்டி ஒன்றுக்காக அவர் 1828-இல் உரிமைப்பட்டயம் பெற்றார். அச்சை இரண்டாகத் துணித்து, நடுவே சிறு பல்சக்கரங்களை அமைத்து, யந்திர விசையை இருபுறமும் பங்கிட்டு அனுப்புவதே அவர் கண்ட முறை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-இல் மூன்று சக்கர மிதிவண்டிக்கு அதனைப் பயன்படுத்தினார். கார்ல் பென்ஸ் 1885-இல் அமைத்த மோட்டார் வண்டியிலும் அது இடம்பெற்றது. இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் ‘டிபரன்ஷியல்’ என்று வழங்கும் உறுப்பு இதுவே. லாரியின் பின்னச்சு நடுவில் உருண்டு பருத்துக் காணப்படும் இரும்புக் கூட்டினுள் அது அமர்ந்திருக்கிறது.

இத்துணை நன்மை செய்யும் அவ்வுறுப்பினிடம் ஒரு குறையும் உண்டு. அது விசையை இருபுறமும் சமமாகவே பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்குமானால், அச்சக்கரத்தைச் சுழற்ற மிகச் சிறு விசையே போதும். மற்றச் சக்கரம் உறுதியான பாறைமேல் நின்றாலும் அதற்கும் அதே சிறு விசைதான் கிடைக்கும். எனவே சேற்றிலுள்ள சக்கரம் வெறிகொண்டு சுழல, பாறைமேலுள்ள சக்கரம் அசையாது நிற்கும். நல்ல சாலையில் நண்பனாயிருந்த பொருள், சாலை முடிந்த இடத்தில் பகையாகிறது.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தினால் இக்குறை நீங்கிவிடும் என்று எண்ணியோர் உண்டு. ஹாலந்து தேசத்து ஸ்பைக்கர் நிறுவனம் 1903-இல் அத்தகைய பந்தய வண்டியைச் செய்தது. 1913-இல் அமெரிக்காவின் கெனோஷா நகரில் பிறந்த ஜெஃப்ரி குவாட் என்னும் லாரி, முதல் உலகப்போரின் சேற்று நிலங்களில் பெயர் பெற்றது. அந்த லாரியை அமைத்தோர் நான்கு சக்கர விசையோடு நில்லாது, வழுக்கும்பொழுது தாமே பூட்டிக்கொள்ளும் டிபரன்ஷியல்களையும் அதில் பொருத்தியிருந்தனர். இருபுற அரை அச்சுகளையும் ஒன்றாகப் பிணைத்து, இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றே தீரவேண்டும் என்று செய்வதே பூட்டு. அப்பொழுது பாறைமேலுள்ள சக்கரம் தன் பிடிப்புக்கேற்ற விசையைப் பெற்று வண்டியை முன்னே தள்ளும்.

இரண்டாம் உலகப்போரில் 6 லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட ஜீப் வண்டியிலோ இப்பூட்டு இல்லை. குறைந்த எடையும், நான்கு சக்கர விசையும், மெதுவாக ஏறுவதற்குரிய தனிக் கியரும் போதும் என்று கருதினர். முன்னும் பின்னுமாகக் குறுக்கு மூலையில் இரு சக்கரங்கள் பிடிப்பிழந்தால், அவ்வண்டி நான்கு சக்கர விசையை வைத்துக்கொண்டே நின்றுவிடும்.

இவ்வரலாறு நம்மவர் வாழ்வோடு பிணைந்தது மேற்கு மலைத்தொடரில். திருவிதாங்கூர் அரசு 1938 பெப்ரவரி 20-இல் திருவனந்தபுரத்தில் அரசுப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது. நாகர்கோவில் வழி அதன் தொடக்ககால வழிகளுள் ஒன்று. ஆயினும் பஸ் செல்வது சாலை உள்ள மட்டுமே. அதே சமஸ்தானத்தின் வடகிழக்கில், கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் பல, நற்சாலைக்கு அப்பால் இருந்தன. மூணாற்றுக்கு 1908 முதல் ஓடிய குறும்பாதை ரயிலை 1924 ஜூலைப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் மலையாள நாட்டினர் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்பர். அந்த ரயில் மீண்டும் ஓடவில்லை.

1947 முதல் பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தார் ஜீப்புகளைப் பொருத்தி விற்கலாயினர். ரயில் ஓடாத மலையில் ஜீப் ஏறியது. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல் உயர்ந்தது. தமிழ்நாட்டு மண்ணாயினும், வண்டியில் அங்குச் செல்வோர் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏறவேண்டும். அரிசி மூட்டையும், பள்ளிப் பிள்ளையும், பேறுகாலப் பெண்ணும் இத்தகைய வழிகளில் ஜீப்பையே நம்பியிருப்பர்.

பூட்டு இல்லாத குறையை ஓட்டுநர்கள் கைத்திறத்தால் ஈடு செய்தனர். சக்கரத்துக்கு அடியில் கல்லும் தழையும் இடுவர். டயரின் காற்றைச் சிறிது இறக்குவர். தூக்கி நிற்கும் மூலைமேல் ஆட்களை ஏற்றி அழுத்துவர். விசையோடு பிரேக்கையும் மெல்ல மிதித்து, வீணே சுழலும் சக்கரத்தை அடக்குவர். நூல் படித்து அறியாத பெளதிகம் அவர்கள் காலடியில் இருந்தது.

உழவு டிராக்டர்களில் சேற்று வயலுக்கெனக் காலால் மிதிக்கும் பூட்டு உண்டு. ஜெர்மனியில் 1948 முதல் வயலுக்கும் சாலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட யூனிமாக் வண்டி, இரண்டு அச்சுகளிலும் பூட்டுக் கொண்டது. நம் நாட்டில், 2013-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனிப் பூட்டுகள் அமைந்தன. அவற்றை இயக்குவது ஓட்டுநரின் கை. மகீந்திராவின் தார் வண்டியில் 2015 முதல் பின்னச்சில் வேறொரு வகை வந்தது. இரு சக்கரங்களின் சுழற்சியில் வேறுபாடு மிகுந்தால் அது தானே பூட்டிக்கொள்ளும்.

கையால் இடும் பூட்டை ஆள்வதற்கு முறை உண்டு. சேற்றையோ பாறையையோ முன்னரே கண்டு, வண்டியை நிறுத்தியோ மிக மெதுவாக ஓட்டியோ பூட்டை இடவேண்டும். சக்கரம் சிக்கிச் சுழன்றுகொண்டிருக்கும்பொழுது இட்டால் பற்கள் உடையக்கூடும். முதலில் பின்னச்சை மட்டும் பூட்டுவதே நன்று. முன்னச்சையும் பூட்டினால் ஸ்டியரிங் கனத்து, வண்டி திரும்ப மறுக்கும். ஆதலால் நேர்வழியில் மட்டுமே அதற்கு இடம். தடை கடந்தவுடன் இரண்டையும் விடுவித்தல் வேண்டும். காய்ந்த கெட்டிச் சாலையில் பூட்டோடு வளைந்தால், நாம் முதலில் கணக்கிட்ட அந்த 12½ அடி வேறுபாட்டை டயரும் அச்சும் அல்லவோ தாங்கவேண்டும்!

மலையோரத்தில் இதனினும் கொடிய ஓர் ஆபத்து உண்டு. ஒருபக்கம் சாய்ந்த ஈரச் சரிவில் பூட்டில்லாத வண்டி செல்லும்பொழுது ஒரு சக்கரம் சுழன்று வழுக்கும். விசை மிகாத மற்றொன்று தரையைப் பற்றி, வண்டியைப் பக்கவாட்டில் நழுவாது காக்கும். பூட்டிய பின் இரண்டும் ஒருங்கே வழுக்கக்கூடும். அப்பொழுது வண்டி முன்னே செல்லாது. பள்ளத்தை நோக்கி நழுவும். பூட்டு உண்டென்ற துணிவே சிலரைப் போகக்கூடாத இடத்துக்கு இட்டுச் செல்கிறது. நடந்து பார்க்காத வழியில் பூட்டை நம்பி இறங்குதல் அறிவுடைமை ஆகாது.

இவை பொழுதுபோக்குக்காக மலை ஏறுவோருக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மறைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும் ஆவர். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததால் வெளியுலகம் அதனை மறுநாட் காலையில்தான் அறிந்தது; மழையால் வழியும் பழுதுற்றிருந்தது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சரிந்தபொழுது, சென்னைப் பெயர் தாங்கிய ராணுவப் பொறியாளர் படையினர் 190 அடி நீள இரும்புப் பாலத்தை ஆகஸ்டு 1-க்குள் அமைத்தனர். அதன்பின்னரே கனமான யந்திரங்களும் ஊர்திகளும் தடையின்றி அக்கரை செல்ல முடிந்தது.

எந்தப் பூட்டும் மலைச்சரிவைத் தடுக்காது. ஆனால் சரிவுக்குப் பின் மருத்துவரும் மீட்பாளரும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று சேர்வது உயிர்களைப் பொறுத்த செய்தி. அதற்கு வண்டி வேண்டும். வண்டியைவிட, அதனை அறிந்து ஓட்டும் ஆள் வேண்டும். மலைத்தோட்டங்களில் ஓட்டுநராக அமர்பவருக்குப் பூட்டை இடும் பயிற்சியையும், விடுவிக்கும் பயிற்சியையும் முறையாக அளிப்பது தோட்ட நிர்வாகங்களின் கடமையாகும்.

வேறுபட்டுச் சுழல விடுவதற்கு ஒரு கருவியும், ஒன்றுபட்டுச் சுழலச் செய்வதற்கு மற்றொரு கருவியும் கண்டது மனித அறிவு. இரண்டும் ஒரே கூட்டினுள் அடங்கியுள்ளன. எந்த இடத்தில் எது தேவை என்று தேர்வது மட்டும் இன்னும் ஓட்டுபவனிடமே உள்ளது.