முன்சக்கரத்துக்கு எந்த டயர்?

புதுச்சேரி கடலோரச் சமவெளி ஊர். நகருக்குள் மேடு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. ஆனால் இன்று சைக்கிள் கடைகளிலும் மிஷன் வீதிப் பக்கத்து வாடகைக் கடைகளிலும் பருத்த பட்டன் டயர் போட்ட மவுண்டன் பைக்குகள் வரிசையாக நிற்கின்றன. வாங்குகிறவர் ஒருநாள் கேட்கத்தான் போகிறார்: முன் டயர் தேய்ந்தால் எதைப் போட்டால் நாள்பட உழைக்கும்? ரப்பர் கெட்டியாக, பட்டன் ஆழமாக, கையால் அமுக்கினால் உள்ளே போகாததாக எடுங்கள் என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். பின் டயருக்கு அது சரியான பதில். முன் டயருக்கு அது பொருந்தாது. இந்த ஊரில் சக்கரங்கள் ஓடிய வரலாற்றைப் பார்த்தால், முன்சக்கரமும் பின்சக்கரமும் செய்யும் வேலை வேறு, அவை பழுதாகும் விதமும் வேறு என்பது தெரியும். அந்த வேறுபாடு நம் பழக்கத்திலிருந்து எப்போது மறைந்தது என்பதும் தெரியும்.

புதுவை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுக் காலத்துப் புஸ்புஸ் வண்டி ஒன்று இருக்கிறது. ஜப்பானில் 1869 வாக்கில் தோன்றி ஆசியா முழுவதும் பரவிய ரிக்‌ஷாவை ஒரு மனிதர் முன்னால் நின்று இழுப்பார். சென்னையில் ஓடியதும் அதுதான். 1973இல் தமிழக அரசு அதை ஒழிக்கும்வரை ஓடியது. புதுச்சேரி வண்டி வேறு வகை. இதில் ஆள் பின்னால் நின்று தள்ளுவார். உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு கம்பி இருக்கும். அதைத் திருப்பி அவரே வண்டியின் போக்கை நடத்துவார். ஒரு மனிதரின் உடல்வலுவில் இன்னொருவர் சொகுசாகப் போன அந்த ஏற்பாட்டைப் பெருமையாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் சக்கரத்தைப் பற்றிய ஓர் உண்மையை அந்த வண்டி மற்ற எந்த வண்டியையும்விடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. உந்தும் விசை முழுவதும் பின்னாலிருந்து வருகிறது. திசையை முன்சக்கரம் தருகிறது. இரண்டு வேலைகளும் இரண்டு மனிதர்களிடம் பிரிந்து கிடக்கின்றன. வெயிலில் தள்ளுகிறவருக்குக் களைப்பு வந்தால் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். முன்சக்கரம் பிடியை விட்டால் வண்டி வாய்க்காலுக்குள் போய்விடும். சைக்கிளில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் செய்கிறார். அதனால் பிரிவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது அப்படியேதான் இருக்கிறது.

காற்றடைத்த டயரை 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் பெயரில் பதிவு செய்தார். மூன்றே ஆண்டுகளில் மிஷ்லின் சகோதரர்கள் ரிம்மிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார்கள். 1891இல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அதைப் போட்டு வென்றார். பஞ்சர் ஆனால் வழியில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டு போகலாம் என்பதுதான் அந்த வெற்றி உலகுக்குச் சொன்ன செய்தி. ஐரோப்பாவுக்கு அது போதும். நம் பக்கத்து வெயிலுக்குப் போதாது. தொடக்க காலத்து டயர்கள் வெளுத்த நிறம் கொண்டவை. ரப்பரோடு துத்தநாக ஆக்சைடு சேர்த்திருந்தார்கள். சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தாக்கி வெடிக்க வைக்கும். 1910க்குப் பிறகு கரிப்பொடி கலக்கத் தொடங்கிய பின்தான் டயர் கறுத்தது, தேய்மானத்தையும் ஒளியையும் தாங்கத் தொடங்கியது. புதுச்சேரியில் டயர் வாங்குகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய முதல் வரலாற்றுச் செய்தி இதுதான். இங்கே ரப்பரின் முதல் எதிரி தூரம் அல்ல, வெயில். இன்று அழகுக்காகப் பக்கச் சுவரை இளம்பழுப்பாக விட்டு விற்கும் டயர்களில், அந்தப் பகுதியில் கரிப்பொடி இருப்பதில்லை. வீட்டு வாசலிலும் கடற்கரைச் சாலையிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் சைக்கிளுக்கு அவை ஏற்றவை அல்ல.

அந்த ரப்பர் வந்த வழியும் இந்த ஊருக்கு அந்நியமானதல்ல. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சொந்தச் சட்டமுறையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுவைத் தமிழர் பலர் சைகோனுக்கு அரசு உத்தியோகம் பார்க்கப் போனார்கள். சைகோன் இருந்த அதே கொச்சின்சீனாவில்தான் பின்னாளில் மிஷ்லினின் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்று கணக்குப் போடும்போது, அதற்குள் ஏற்கெனவே உழைத்து முடித்த கைகளையும் நினைப்பது தகும். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் உலக ரப்பர் சந்தையே ஆட்டம் கண்டது. டயருக்குத் தட்டுப்பாடு வந்தது. கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டுவது, ஒட்டின் மேல் ஒட்டுப் போடுவது எல்லாம் அத்தகைய பஞ்ச காலத்துக்கு உரிய சிக்கனம்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள் கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் காலம். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது, ஹெர்குலிஸ் வந்தது, வட இந்தியாவிலிருந்து அட்லஸும் ஹீரோவும் வந்தன. அதே 1949இல்தான் பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க ஒன்றியத்தை இந்தியா முடித்துக்கொண்டது. புதுவையைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் எழுந்தன. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் இந்தியாவோடு இணைவது குறித்து வாக்களிப்பு நடந்து, நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பிறகு அந்தத் தடை நீங்கியது. ஆலைத் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், பால்காரர் என்று எல்லாருக்கும் வண்டி அந்த ஒரே கறுப்புச் சைக்கிள்தான். அதன் டயர் 28 × 1½. ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். ஆங்கிலேய அங்குலக் கணக்கில் எழுதப்பட்ட இந்த டயருக்குப் பிரெஞ்சு அளவு முறையிலும் ஓர் இடம் உண்டு. அங்கே அது 700பி. ஒரே ரிம்முக்கு இரண்டு பேரரசுகளும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தன.

முன்னும் பின்னும் அதே அளவு, அதே கோடு போட்ட டயர் என்பதுதான் ரோட்ஸ்டரின் முக்கியத் தன்மை. என் வாதம் இங்கேதான் நிற்கிறது. கேரியரில் அரிசி மூட்டையோ வீட்டு ஆளோ உட்கார்ந்துவிட்டால் எடையில் பெரும்பகுதி பின்னால் போய்விடும். மிதிக்கும் விசையும் பின்னால்தான். ஆகவே பின் டயர் சீக்கிரம் தேயும். முன் டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். கம்பிப் பிரேக் எஃகு ரிம்மைப் பிடிக்கும் வேகத்தில் முன்சக்கரத்துக்குப் பெரிய சோதனை எதுவும் வருவதில்லை. இந்த நிலையில் புது டயரைப் பின்னால் போட்டுவிட்டுப் பழையதை முன்னாலேயே விட்டுவைப்பது முற்றிலும் நியாயமான சிக்கனம். தடித்த டயர்தான் நல்ல டயர் என்ற எண்ணமும் பின் டயரின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதில் தவறில்லை. அந்த வண்டிக்கு உரிய அறிவை வேறு வண்டிக்கும் அப்படியே எடுத்துப் போனதுதான் தவறு.

மவுண்டன் பைக்கின் பிறப்பைக் கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில், 1970களில், பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கிய இளைஞர்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பே, 1951 முதல் 1956 வரை, பாரிஸ் புறநகர் இளைஞர்கள் சிலர் 650பி டயர் போட்ட சைக்கிள்களை மாற்றியமைத்துக் கரடுமுரடான தரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 650பி என்பது பிரான்சின் அன்றாட வண்டிகளிலும் நெடும்பயண வண்டிகளிலும் இருந்த அளவு. ரிம் விட்டம் 584 மில்லிமீட்டர். பிறகு அது கிட்டத்தட்ட வழக்கொழிந்தது. 2007 வாக்கில் அமெரிக்காவில் அதை மீட்டெடுக்க முயன்றார்கள். 2012இல் சுவிட்சர்லாந்து வீரர் நினோ ஷுர்ட்டர் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியை அந்த அளவுச் சக்கரத்தில் வென்ற பிறகு தொழிற்சாலைகள் திரும்பிப் பார்த்தன. இன்று 27.5 என்ற பெயரில் புதுச்சேரிக் கடையில் தொங்குவது அதே 584தான். 29 என்று விற்பது பிரெஞ்சு 700சியின் 622. டயரின் பக்கச் சுவரில் 54-584 என்பதுபோல் அச்சிட்டிருப்பதைப் படித்து, ரிம்மில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. 26 அங்குலம் என்று மட்டும் கேட்டால் 559ஆகவும் இருக்கலாம், பழைய லேடீஸ் சைக்கிளின் 590ஆகவும் இருக்கலாம்.

இன்றைய மவுண்டன் பைக்கில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்த கணத்தில் ஆளின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் டயர் ஏற்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது ஐந்தில் இரண்டு பங்கு எடையை மட்டும் சுமந்த சக்கரம், அந்த ஒரு நொடியில் முழு வண்டிக்கும் பொறுப்பாகிறது. பின் டயர் வழுக்கினால் வண்டி வால் ஆட்டும், பழகியவர் சமாளித்துவிடுவார். முன் டயர் வழுக்கினாலோ, காற்று சட்டென்று இறங்கினாலோ சமாளிக்க நேரமே இருக்காது. ஆகவே முன் டயரில் உறுதி என்பது தேயாமல் இருப்பது அல்ல. தன் ஆயுள் முழுவதும் பிடியை விடாமலும் பக்கச் சுவர் கிழியாமலும் இருப்பதுதான். முன் டயர் மெதுவாகவே தேய்வதால் கொஞ்சம் மிருதுவான ரப்பர் போட்டதை வாங்க நமக்கு இடம் இருக்கிறது. கெட்டி ரப்பரால் கிடைக்கும் கூடுதல் கிலோமீட்டர்கள் முன்னால் வீணாகத்தான் போகும். அதற்குள் வெயில் அதை இறுக்கி வெடிக்க வைத்திருக்கும். பணத்தைச் செலவிட வேண்டிய இடம் உள்ளே இருக்கும் நைலான் நூல் அடுக்கு. நூல் ஒழுங்காகவும் பக்கச் சுவரில் ஒரு பாதுகாப்பு அடுக்கோடும் இருக்கிறதா என்று பார்ப்பது, பட்டனின் ஆழத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

மலையே இல்லாத ஊரில் இத்தனை யோசனை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊரின் வடமேற்கே, கோரிமேடு தாண்டி ஆரோவில் பக்கம், செம்மண் மேடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 50 மீட்டர் உயர்கிறது. வடகிழக்குப் பருவமழை அந்த மண்ணைப் பல காலமாக அறுத்து ஓடைகளையும் பள்ளங்களையும் உண்டாக்கியிருக்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபின் அங்கே வளர்க்கப்பட்ட காட்டுக்குள் செம்மண் தடங்கள் ஓடுகின்றன. காய்ந்தால் சரளை, மழை பெய்தால் வழுக்கல். வழியெங்கும் வேலிக்காத்தான், கருவேலம், நெருஞ்சி. முன்சக்கரம்தான் முள்ளை முதலில் சந்திக்கிறது, பள்ளத்தின் விளிம்பிலுள்ள கூர்க்கல்லையும் முதலில் உரசுகிறது. அந்தத் தடங்களுக்கே போகாதவருக்கும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய வீதிகளின் விளிம்பும் கழிவுநீர் மூடிகளின் ஓரமும் அதே வேலையைச் செய்யும். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் நடுவில் பட்டன்கள் நெருக்கமாகவும் ஓரத்தில் தனித்தனியாகவும் உள்ள டயரைத் தேர்ந்தால் போதும். ஆழமான, தள்ளித்தள்ளி நிற்கும் பட்டன்கள் தார்ச்சாலையில் மடங்கி ஓரம் உதிர்ந்துவிடும். பார்க்க வீரமாக இருக்கும் டயர் சீக்கிரம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின் டயர்தான் அடிக்கடி போகிறது, இருக்கிற பணத்தை அங்கே போடாமல் முன்னால் போடச் சொல்வது வசதியுள்ளவர் பேச்சு என்பது இன்னொரு மறுப்பு. இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அன்றாடக் கூலியில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு டயரின் விலை பெரிய தொகை. ஆனால் இங்கே பரிந்துரைப்பது இரண்டு டயர் வாங்குவது அல்ல. வாங்கும் அந்த ஒன்றை எங்கே மாட்டுவது என்பதைத்தான். பின் டயர் தேய்ந்து நூல் தெரியும்போது, பாதி ஆயுள் மிச்சமுள்ள முன் டயரைக் கழற்றிப் பின்னால் மாட்ட வேண்டும். புதிதாக வாங்கியதை முன்னால் போட வேண்டும். மிருதுவான ரப்பராக இருந்தால் பின்னால் போன டயர் சற்று விரைவாகத் தேயும் என்பது உண்மை. அந்தச் சிறு நஷ்டத்துக்கு ஈடாக, வெயிலில் வருடக்கணக்கில் நின்று இறுகிய டயரை முன்னால் வைத்துக்கொண்டு பிரேக் பிடிக்கும் ஆபத்து முழுவதுமாக நீங்குகிறது. கடைக்காரருக்கு இதில் இன்னொரு சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வேலை கூடுகிறது. அதற்குரிய கூலியை முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொண்டு, டயர் மாற்றும்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் இதைச் செய்யட்டுமா என்று அவர் கேட்கலாம். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். கழற்றும்போதே முன் டயரின் பக்கச் சுவரை விரலால் வளைத்துப் பார்த்து, மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அதைப் பின்னாலும் மாட்டாமல் ஒதுக்கிவிட வேண்டும்.