மாவிட்டபுரம் வாசலில் 1968



கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு மாவிட்டபுரம் பக்கமாகத் திரும்புகிற எல்லோரும் கந்தசுவாமி கோயிலைக் கண்டிருப்போம். அந்த வாசலில் 1968ஆம் ஆண்டு நடந்ததை நம் மாணவர்களிடம் கேட்டால் அநேகருக்குத் தெரியாது. தெரிந்த பெரியவர்களும் பேச விரும்புவதில்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

கள் இறக்கியவர்கள், முடி வெட்டியவர்கள், துணி வெளுத்தவர்கள், தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள். இவர்களின் உழைப்பு இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணமோ ஒரு சாவீடோ நடக்காது. ஆனால் தேத்தண்ணிக்கடையில் இவர்களுக்கு வாங்கில் இடமில்லை. மற்றவர்கள் குடிக்கும் குவளையும் இல்லை. கோயிலில் வெளிவீதியோடு நிற்க வேண்டும். 1957இல் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்து இவற்றைக் குற்றம் என்றது. பத்து வருடங்கள் போன பிறகும் சட்டம் கடதாசியில்தான் இருந்தது.

அதைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் தொழிற்சங்கக்காரருக்குப் பெரும் பங்கு உண்டு. பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் நா. சண்முகதாசன் இலங்கைத் தொழிற்சங்க சம்மேளனத்தை நடத்தியவர். நமக்குப் பக்கத்துக் கொல்லங்கலட்டியில் பிறந்த கே. ஏ. சுப்பிரமணியம் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், பின்னர் முழுநேரக் கட்சி ஊழியரானவர். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. முன்வரிசையில் நின்ற சுப்பிரமணியத்துக்கும் அடி விழுந்தது. ஆனாலும் ஊர்வலம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து முற்றவெளியில் கூட்டம் நடந்தது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாகி, தேத்தண்ணிக்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டம் தொடங்கியது. உயிர்களும் போயின.

1968இல் மாவிட்டபுரத் திருவிழாக் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட வந்தார்கள். வாசலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த பெரும் படிப்பாளி. வந்தவர்கள் வாசலிலேயே அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். சுந்தரலிங்கத்தின் மீது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடப்பட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. படிப்பு மட்டும் மனிதரைத் திருத்திவிடாது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் இங்கே வெட்கத்தோடு குறித்துக்கொள்கிறோம்.

அதே 1968இல் அமெரிக்காவின் கார் நகரமான டெட்ரோயிட்டிலும் ஒரு வாசலை மறித்தார்கள். அங்கே மறித்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்களே. டொட்ஜ் கார்த் தொழிற்சாலையில் கறுப்பினத் தொழிலாளருக்கு ஆபத்தும் அழுக்கும் நிறைந்த வேலைகள். மே மாதம் வேலை வேகத்தைக் கூட்டியதற்கு எதிராகக் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வேலைநிறுத்தம் செய்தார்கள். தண்டனை மட்டும் கறுப்பருக்கே அதிகம் விழுந்தது. ஜெனரல் பேக்கர் என்ற தொழிலாளி வேலையிழந்தார். அவரும் தோழர்களும் டொட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, ஜூலையில் வாசலில் மறியல் செய்தார்கள். அவர்களுடைய கோபம் முதலாளிமீது மட்டுமல்ல. தொழிலாளர் ஒற்றுமை பேசிய தங்கள் பெரிய சங்கத்தின் மீதும்தான். பிளவுபடுத்துகிறீர்கள் என்று அவர்களைக் குற்றம் சாட்டினார்கள்.

நமது ஊரிலும் அதே சொல்தான். தமிழர் ஒற்றுமைக்கு இது நேரமில்லை, பிறகு பார்க்கலாம் என்றார்கள். தமிழரசுக் கட்சி மேடைகளில் தீண்டாமை ஒழிய வேண்டும் என்றது. மாவிட்டபுர வாசலில் அமர்ந்தவர்களோடு அதன் தலைமை வந்து அமரவில்லை. ஒற்றுமை என்று சொல்லும்போது யாரைக் காத்திருக்கச் சொல்கிறோம் என்று பார்த்தால் போதும், அது எப்படிப்பட்ட ஒற்றுமை என்று விளங்கிவிடும்.

கோயில் வாசல் கதை முஸ்லிம்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். தமிழ் பேசும் மக்கள் என்ற ஒற்றுமைக்குள் இருக்கிறோம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தோம். வெளியே நிறுத்தப்படுவதன் வலி எங்களுக்குப் புத்தகத்தில் படித்தது அல்ல.

ஆனால் எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அரபிக்கும் அரபி அல்லாதவருக்கும், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இறையச்சத்தைத் தவிர வேறு உயர்வில்லை என்று நபிகளார் (ஸல்) இறுதி ஹஜ்ஜில் சொன்னதைக் குத்பாவில் கேட்கிறோம். பள்ளியில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். வெளியே வந்து கலியாணம் பேசும்போதும், நிர்வாக சபைக்கு ஆள் தெரியும்போதும் அந்த வரிசை இருக்கிறதா?

இன்று கீரிமலையில் கேணி இருக்கிறது. மாவிட்டபுரம் கோயிலும் பின்னர் எல்லோருக்கும் திறந்தது. சீமெந்துத் தொழிற்சாலை 1990 யுத்தத்தோடு மூடப்பட்டது. இந்தப் பக்கத்துச் சனமும் இடம்பெயர்ந்து, பல வருடம் உயர்பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே நின்றே தங்கள் ஊரைப் பார்த்தது. அதனால் அந்த நாட்களைக் கண்டவர்களும் ஊர் ஊராகச் சிதறிப் போனார்கள்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்து மூத்தவர் யாரும் இருந்தால், எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும் சரி, பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல அது வேண்டும்.