வெப்பம் உணர்த்தும் எண்

கணினித் திரையில் முறைவழியாக்கியின் வெப்பநிலை 60 பாகை என்று ஓர் எண் தோன்றுமாயின், உள்ளே ஒரு வெப்பமானி இருந்து அதனைக் கூறுகின்றது என்றே காண்போர் கொள்வர். உண்மை அதுவன்று. அவ்வெண்ணில் ஒரு பகுதி அளந்து பெற்றது. மறுபகுதி கணக்கிட்டுச் சேர்த்தது. அந்நிலை எய்திய வரலாறு அறியத்தக்கது.

1946ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகறிய இயக்கிக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணிபொறியில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. அவை 150 கிலோவாற்று மின்வலுவை உண்டு வெப்பமாக உமிழ்ந்தன. ஊதுவிசிறிகள் ஒருபுறம் சுழல, வெப்பம் 115 பாகை பரனைற்றைத் தாண்டின் மின்னைத் துண்டிக்கும் ஆளிகளும் பொருத்தப்பட்டிருந்தன. எவ்வளவு சூடு என்று அவை கூறா. எல்லை கடந்ததும் நிறுத்திவிடும், அவ்வளவே.

1971இல் வெளிவந்த இன்ரெல் 4004 என்னும் சில்லில் 2,300 திரான்சிற்றர்களே இருந்தமையால் சூட்டைப்பற்றி எவரும் கவலுறவில்லை. திரான்சிற்றர்கள் இலட்சங்களாகிப் பின் கோடிகளாகப் பெருகிய 1990களிலேதான் கவலை மீண்டது. அப்போது வெப்பம், விசிறி வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றை அளக்கும் தனிச்சில்லுகள் தாய்ப்பலகையில் இடம்பெறலாயின. ஆயினும், பணிசெயல் முறைமைக்கு அவற்றின் மொழி தெரியாது. இடைநின்று பேசும் துபாசி ஒருவர் வேண்டும். சாதனச் செலுத்தி எனப்படும் செய்நிரலே அத்துபாசி. லினக்ஸ் முறைமைக்கு இத்தகைய செலுத்திகளைத் தொண்டர்கள் சிலர் 1998ஆம் ஆண்டளவில் எழுதித் தொகுத்தனர்.

துபாசியின் வினாவே கேடாய் முடிந்ததும் உண்டு. எந்தச் சில்லு எந்த முகவரியில் உள்ளதென அறிய இச்செய்நிரல்கள் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப்பார்த்தன. சில திங்க்பேட் மடிக்கணினிகளில் அதே கம்பித்தடத்தில் இருந்த நினைவகச் சில்லு அவ்வினாவை எழுதும் ஆணையெனக் கொண்டு தன் பதிவுகளை அழித்துக்கொண்டது. கணினி மறுமுறை தொடங்கவில்லை. சூடு பார்க்கப் போய் உயிரையே போக்கிய கதை! பின்னர் அச்செய்நிரல்களுடன் இதுபற்றிய எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையில் உணரி சில்லினுள்ளேயே புகுந்தது. சிலிக்கன் இருவாயியின் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறையும், அவ்வியல்பே அளவுகோலாயிற்று. 2006இல் வந்த இன்ரெல் கோர் வகைகளில் அவ்வளவு எண்ணாகவே ஒரு பதிவகத்தில் வைக்கப்பட்டது. 2007இல் லினக்ஸில் சேர்ந்த 'கோர்டெம்ப்' என்னும் செலுத்தி அதனைப் படித்தது. ஆனால் பதிவகம் கூறியது வெப்பநிலையை அன்று. உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை பாகை எஞ்சியுள்ளது என்பதை மட்டுமே. எல்லை 100 ஆயின், எச்சம் 40 என்பது 60 பாகை. எல்லை 85 ஆயின், அதே எச்சம் 45 பாகை. மேசைக் கணினிகளுக்குரிய எல்லையை 2008வரை நிறுவனம் வெளியிடாமையால், செலுத்தி எழுதினோர் ஊகித்தே கழித்தனர். ஒரே கணினி இரு செய்நிரல்களில் 15 பாகை வேறுபட்டதன் காரணம் இதுவே. அதன்பின் வந்த முறைவழியாக்கிகள் எல்லையையும் வேறொரு பதிவகத்தில் தாமே தாங்கி நின்றன.

அவ்வுணரி பயனாளரின் ஆர்வத்துக்கென அமைக்கப்பட்டதன்று. எல்லை நெருங்குகையில் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதற்கென அமைக்கப்பட்டது. அதனாலேயே கொதிநிலையில் செம்மையாகக் கூறும் அது, குளிர்ந்த வேளையில் பல பாகை பிசகவும் கூடும்.