சூரைக் குஞ்சுகளின் கரையோர யாத்திரை

ஜாவாத் தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கும் இடைப்பட்ட வெப்பக் கடல் ஒன்றே தென்கடல் நீலத்துடுப்புச் சூரை முட்டையிடும் ஸ்தலம். அங்கே பொரியும் குஞ்சுகள், தெற்கு நோக்கிச் செல்லும் லீவின் நீரோட்டத்தோடு மேற்காஸ்திரேலியக் கரையோரமாக இறங்கி, ஒரு வயதில் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் வளர்ந்து, ஆல்பனி, எஸ்பரன்ஸ் முதலிய துறைமுகங்களை அடுத்த கடலில் தென்படுகின்றன. இரண்டு வயது முதல் நான்கைந்து வயது வரை, கோடைதோறும் பெரிய ஆஸ்திரேலிய வளைகுடாவில் திரண்டு இரை மேய்ந்து, குளிர் காலத்தில் மேற்கே இந்து சமுத்திரத்திலோ கிழக்கே டாஸ்மன் கடலிலோ சஞ்சரிக்கின்றன. ஒவ்வொரு பிராயத்துக்கும் ஒவ்வொரு கரை என்ற இந்த ஒழுங்கை மனிதர் அறிந்துகொண்டது மெல்ல மெல்லத்தான்.

1872-இல் காஸ்டெல்னோ என்ற இயற்கையியலாளர் இம்மீனுக்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். ஆயினும் அதன் வாழ்க்கையைப் பற்றிய முறையான விசாரணை, பறவை ஆராய்ச்சியிலும் கீர்த்தி பெற்ற டொமினிக் செர்வென்ட்டி 1941-இல் ஆஸ்திரேலியச் சூரைகளைப் பற்றி எழுதிய காலத்தை ஒட்டியே வலுப்பெற்றது. பிடிபட்ட மீனை அளந்து பார்ப்பதால் அதன் பருவத்தை ஊகிக்கலாம். ஆனால் ஒரு கரையில் கிடைக்கும் சிறிய மீனும் மற்றொரு கரையில் கிடைக்கும் பெரிய மீனும் ஒரே குலத்தவைதாமா என்பதை அளவுகோல் சொல்லாது.

இதற்கிடையே வியாபாரம் ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கவில்லை. தென்னாஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் படகுகள் உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசிச் சூரைக் கூட்டத்தைப் படகோரம் வரவழைத்து, முள்ளில்லாத தூண்டிலைக் கழியில் கட்டி, மீனைத் தலைக்கு மேலாகத் தூக்கித் தளத்தில் எறிந்தன. மேற்காஸ்திரேலியாவில் இளஞ்சூரைகள் டப்பாவில் அடைக்கும் ஆலைகளுக்குச் சென்றன. நடுக்கடலில் ஜப்பானியக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டிலால் முதிர்ந்த மீன்களைப் பிடித்தன. 1961-இல் எல்லாத் தேசத்தாரும் பிடித்த தொகை சுமார் 81,000 டன்னை எட்டிற்று.

ஒரே மீன்குலத்தைத்தான் அனைவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதற்குச் சாட்சியம் தந்தது ஒரு சிறு பிளாஸ்டிக் சீட்டு. 1959 முதல் ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் விஞ்ஞான ஸ்தாபனத்தார் இளஞ்சூரைகளைப் பிடித்து, நீளம் குறித்து, முதுகுத் துடுப்பின் அருகே எண் பொறித்த சீட்டைச் செருகி மீண்டும் கடலில் விட்டனர். பிற்காலத்தில் அம்மீனைப் பிடித்தவரோ ஆலையில் வெட்டியவரோ சீட்டைச் சன்மானத்துக்குத் திருப்பியனுப்பிய பொழுது, மேற்குக் கரையில் விடப்பட்டது வளைகுடாவிலும், வளைகுடாவில் விடப்பட்டது தொலைதூரத்து ஜப்பானியத் தூண்டிலிலும் அகப்பட்டது தெரியவந்தது. நீளத்தை ஒப்பிட்டபோது இன்னுமோர் உண்மை புலப்பட்டது: 1960-களின் குஞ்சுகளைவிட 1980-களின் குஞ்சுகள் விரைவாக வளர்ந்திருந்தன. இந்தச் சரித்திரத்தில் விஞ்ஞானியின் பெயருக்குச் சமமான இடம், துர்நாற்றத்தின் நடுவே நின்று ஒரு துண்டுச் சீட்டை வீசியெறியாமல் எடுத்துவைத்த பெயரறியாத தொழிலாளிக்கு உண்டென்று நான் கருதுகிறேன்.

சாட்சியம் இருந்தும் கட்டுப்பாடு தாமதமாகவே வந்தது என்பது வருந்தத்தக்கது. 1984-இல் ஆஸ்திரேலியா தன் படகுகளுக்குத் தனித்தனி மீன்பிடி ஒதுக்கீடு வகுத்தது. சிறிய மீன் பிடித்த மேற்காஸ்திரேலியரின் பங்குகளில் பெரும்பாலானவை விலைக்கு வாங்கப்பட்டுத் தென்னாஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர, ஒரு வயதுக் குஞ்சுகளின் கரை ஓரளவு ஓய்வு பெற்றது. 1989-இல் ஆஸ்திரேலியா, ஜப்பான், நியூஸிலாந்து மூன்றும் ஆண்டுக்கு மொத்தம் 11,750 டன் என்ற வரம்புக்கு இணங்கி, 1993-இல் உடன்படிக்கையும் செய்துகொண்டன.

சீட்டு, மீன் விடப்பட்ட இடத்தையும் பிடிபட்ட இடத்தையும் மாத்திரமே சொல்லும். இடைப்பட்ட நாட்களின் கதையை அது அறியாது. 1990-களில் மீனின் வயிற்றில் வைத்த சிறு கருவிகள் சூரிய வெளிச்சத்தையும் நீரின் உஷ்ணத்தையும் குறித்துவைத்து, அது சென்ற வழியைக் கணிக்க உதவின. பின்னர், தென்மேற்குக் கரையின் ஆழமற்ற திட்டில் ஒலிவாங்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒலியெழுப்பும் கருவி தாங்கிய ஒரு வயதுக் குஞ்சுகள் கரையை ஒட்டி எத்தனை காலம் தங்குகின்றன என்பதை ஆஸ்திரேலியரும் ஜப்பானியரும் சேர்ந்து ஆராய்ந்தனர். 2016 முதல் சீட்டும் தேவைப்படவில்லை: வளைகுடாவில் இரண்டு வயது மீனின் தசைத் துணுக்கை எடுத்து விட்டுவிடுகிறார்கள், மறுவருஷம் போர்ட் லிங்கனில் அறுவடையாகும் மூன்று வயது மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, அந்தத் தலைமுறையின் தொகையைக் கணக்கிடுகிறார்கள்.