வித்தும் மலையும்: காப்பிச் சுவையின் வரலாறு

தமிழர் எங்கே குடியேறினும் அவரோடு தாய்மொழியும் பித்தளை பில்டரும் உடன் குடியேறும். விடுமுறை கழிந்து ஊரிலிருந்து திரும்பும் நம்மவர் பெட்டியில் காப்பிப் பொடிப் பொட்டலம் இல்லாதிருப்பது அரிது. ஆயினும் ஒரே கடையில் வாங்கிய பொடி ஒரு மாதம் மணப்பதையும் மறுமாதம் மந்தமாயிருப்பதையும் காண்கிறோம். உடனே பால்காரரையும் தண்ணீரையும் குறை கூறுகிறோம். வறுப்பதிலும் அரைப்பதிலும் வேறுபாடு உண்டு என்பது மெய்யே. ஆனால் அதற்கும் முன்னதாக, எந்த வித்து, எந்த மலை என்னும் இரண்டுமே சுவைக்கு அடிப்படை இடுகின்றன. அந்த வித்து அந்த மலைக்கு வந்த வரலாறு நம் இனத்தாரின் வரலாற்றோடும் பின்னிக் கிடப்பது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

வித்து வந்த வழி

அரபிகாக் காப்பியின் பிறந்தகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டில் உறங்காதிருக்க அதனைப் பருகினர். மோக்காத் துறைமுகத்தின் வழியே அது உலகெங்கும் விலைப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் முஸ்லிம் பெரியார் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்புகையில் ஏழு வித்துக்களை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது செவிவழி வரலாறு. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மலையாளக் கரையிலிருந்து டச்சுக்காரர் 1696-லும் 1699-லும் கன்றுகளை ஜாவாவுக்குக் கொண்டு சென்றனர். 1706-ல் ஜாவாவிலிருந்து ஒரு செடி ஆம்ஸ்டர்டாம் நகரத் தோட்டத்தை அடைந்தது. அமெரிக்கக் கண்டத்துக் காப்பித் தோட்டங்கள் பலவற்றுக்கு மூலம் அச்செடியின் வழித்தோன்றல்களே. இவ்வாறு விரல்விட்டு எண்ணத்தக்க சில செடிகளிலிருந்தே உலகின் அரபிகாத் தோட்டங்கள் பெருகின. யாவும் நெருங்கிய இரத்த உறவு; ஒன்றைப் பற்றிய நோய் அனைத்தையும் பற்றும் என்பதை அன்று எவரும் எண்ணவில்லை.

இலையில் விழுந்த துரு

1869-ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் அந்நோய் தோன்றியது. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படரும், இலை உதிரும், செடி காய்க்கும் வலிவை இழக்கும். இதனை இலைத்துரு என்பர். ஹாரி மார்ஷல் வார்டு என்னும் ஆங்கில அறிஞர் 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி இதனை ஆராய்ந்தார். நோயின் தன்மை விளங்கிற்று. தோட்டங்களைக் காக்கத்தான் வழி பிறக்கவில்லை. காப்பி அழிந்த இடமெங்கும் தேயிலை நடப்பட்டது.

அத்தோட்டங்களில் உழைத்தவர் நம் தமிழரே. திருச்சி, மதுரைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். வழியிலேயே காலராவுக்கும் பசிக்கும் இரையானோர் பலர். காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டுமே மிகுதியான ஆட்கள் தேவைப்பட்டமையால் அவருள் பலர் வேலை முடிந்து ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவை. ஆகவே குடும்பங்கள் அங்கேயே தங்கின. ஓர் இலை நோய் ஒரு மக்களின் இருப்பிடத்தையே மாற்றியது.

தென்னிந்தியாவிலும் இந்நோய் பரவிற்று. மைசூர்ச் சீமையில் வழிவழியாகப் பயிரான ‘சிக்’ என்னும் பழைய வகை துருவாலும் தண்டு துளைக்கும் வண்டாலும் மறைந்தது. பின்னர் 1911-ஆம் ஆண்டளவில் கென்ட் என்னும் தோட்டத்துரை தேர்ந்தெடுத்த செடி அவர் பெயராலேயே ‘கென்ட்ஸ்’ என வழங்கலாயிற்று. 1925-ல் பாலெஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே உருவான எஸ்.795 என்னும் வகை 1940-களின் நடுவில் குடியானவர்க்கு வழங்கப்பட்டது. அதன் ஒரு பெற்றோர் கென்ட்ஸ். மற்றதில் லைபீரிகா என்னும் வேற்றினத்தின் கலப்பு உண்டு. நோயைத் தாங்கும் வலிவை இக்கலப்பும், சுவையைக் கென்ட்ஸும் தந்தன என்பர். இவ்வகை பின்னர் இந்தோனேசியாவிலும் பரவியது. 1699-ல் ஜாவாவுக்குச் சென்ற வித்தின் பின் அதன் தம்பியும் சென்றது போலும்!

நோய்க்கு அஞ்சிய தோட்டக்காரர் நாடிய மற்றொன்று ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காடுகளில் பிறந்த ரொபஸ்டா. இன்று இந்தியா விளைக்கும் காப்பியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு அதுவே.

மலை செய்யும் வேலை

அரபிகா 3,300 அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த சாரலை விரும்பும். அங்கே இரவுக் குளிரால் பழம் மெல்லப் பழுக்கும். கொட்டை இறுகி, இனிப்பும் இனிய புளிப்பும் நறுமணமும் கூடும். பாபா புடன் மலை, சேர்வராயன் மலை போன்றவற்றின் சிறப்பு இதுவே. ரொபஸ்டா அதனினும் தாழ்ந்த வெப்பமான இடங்களில் செழிக்கும். வயநாடு அதற்குப் பேர்போனது. அரபிகாவில் காபீன் நூற்றுக்கு 1.2 பங்கு அளவில் இருக்க, ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரு மடங்கு உண்டு. கசப்பும் அழுத்தமும் அதற்கேற்ப மிகும்.

கடற்காற்றும் சுவையை மாற்றும். பாய்க்கப்பல்களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் சென்ற நம் காப்பிக் கொட்டை ஈரக்காற்றால் உப்பி, வெளுத்து, புளிப்புக் குறைந்தது. ஐரோப்பியர் அச்சுவைக்கே பழகிவிட்டனர். பயணம் குறுகிய பிறகு, மங்களூர்க் கரையில் பருவமழைக் காற்றில் கொட்டையைப் பரப்பி அதே மாற்றத்தை விளைவிக்கலாயினர். அதுவே ‘மான்சூன்டு மலபார்’.

வடித்துப் பார்த்தால்

பொடியின்மேல் வெந்நீரை ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடிப்பதில்தான் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். 1908-ல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் அம்மையார் தாள் வடிகட்டியை உருவாக்கினார். தாள் எண்ணெய்ப் பசையைத் தடுத்துக்கொள்ளுவதால் வடிநீர் தெளிந்திருக்கும். பாலின்றிப் பருகினால் மலையரபிகாவின் புளிப்பும் மணமும் தனித்தனியே தெரியும். நம் பில்டரிலோ தாள் இல்லை. நீர் நெடுநேரம் பொடியில் ஊறி, எண்ணெயோடு கெட்டியான டிகாக்ஷனாக இறங்கும். அதில் பால் சேரும்போது அரபிகாவின் நுண்ணிய மணம் சற்று அடங்கும்; ரொபஸ்டாவின் அழுத்தம் தாக்குப்பிடிக்கும். நம் வணிகர் பிளான்டேஷனோடும் பீபெரியோடும் சிறிது ரொபஸ்டா சேர்ப்பதன் பொருத்தம் இதுவே. சிக்கரி மிகுமாயின் மலையும் வித்தும் இரண்டுமே மறைந்துபோம்.

நாம் கேட்க வேண்டியது

2019-ல் குடகு, சிக்மகளூர், பாபா புடன் மலை, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாக்களுக்கும் வயநாட்டு ரொபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஆயினும் பெரும்பாலான பொட்டலங்களில் சிக்கரியின் விழுக்காடு இருக்கும்; மலையின் பெயரோ வித்தின் பெயரோ இராது. தண்டு வண்டின் தொல்லையாலும் கூலிச் செலவாலும் அரபிகாவைப் பிடுங்கி ரொபஸ்டா நடும் குடியானவர் இன்று பலர். சுவையறிந்து கேட்பாரும், கேட்டு உரிய விலை தருவாரும் இல்லையெனில் அவர்மீது குற்றமில்லை. ‘சிக்’ வகை மறைந்தது போல இன்னுஞ் சில வகைகளும் மறையும்.

ஆதலின் அன்பர்களே, பொடி வாங்குங்கால் “எந்த மலை? அரபிகா எத்தனை, ரொபஸ்டா எத்தனை?” என்று கேட்போம். பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம், நம் குவளையில் உள்ளது எம்மண்ணில் பிறந்தது என்று கேட்பது பொருத்தமே அன்றோ!