காசநோயாளரும் துணைநின்றோரும்: பாஸ்டன் 1905, சென்னை 1956

நெடுநாள் நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிருமியையும் மருந்தையும் பற்றியே எழுதுகின்றனர். காசநோயைப் பொறுத்தவரை, 1882இல் ராபர்ட் கோக் அதன் கிருமியைக் கண்டறிந்ததும், 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோநயாசிடும் புழக்கத்திற்கு வந்ததும் அவ்வரலாற்றின் திருப்புமுனைகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றின் சிறப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கிருமி அறியப்பட்டதற்கும் மருந்து கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் நோயுற்ற ஏழைகளோடு நின்றவர் யார் என்னும் கேள்வி, திருச்சபை வரலாற்றைப் பயிலும் நமக்கு உரியதொரு கேள்வியாகும். விடையின் ஒரு பகுதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ளது.

காசநோய்க்கு அன்று அறியப்பட்டிருந்த மருத்துவம் ஓய்வும் நல்லுணவும் திறந்தவெளிக் காற்றுமே. இவை மூன்றும் ஒருங்கே கிடைத்த இடம் சானடோரியம். மாதக்கணக்கில் அங்கே தங்குவதற்குப் பொருள் வேண்டும். ஏழைக்கோ சேரிக் குடியிருப்பின் இருண்ட அறையே கதி. மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜோசப் ஹெர்சி பிராட் என்னும் இளம் மருத்துவர், அந்த மூன்றையும் ஏழையின் வீட்டிற்கே கொண்டு செல்லலாமென எண்ணினார். அதற்கான செலவை ஏற்க முன்வந்தது அந்நகரின் எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த இம்மானுவேல் ஆலயம். அதன் குருவானவர் எல்வுட் வூஸ்டர், ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். இவ்விருவர் முயற்சியால் 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காசநோயாளர் 'வகுப்பு' ஒன்று தொடங்கப்பெற்றது.

வகுப்பு என்ற சொல் ஈண்டுக் கவனிக்கத்தக்கது. உறுப்பினர் இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தனர். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, உண்ட உணவு, வெளிக்காற்றில் கழித்த நேரம் ஆகிய யாவும் அதில் நாள்தோறும் எழுதப்பெறும். வீட்டு மாடியிலோ தாழ்வாரத்திலோ கூடாரம் அடித்து, பாஸ்டனின் பனிக்காலத்திலும் அவர்கள் வெளியிலேயே உறங்கினர். வாரம் ஒருமுறை அனைவரும் கூடுவர். மருத்துவர் எடை பார்ப்பார், ஏடுகளைப் புரட்டுவார், நன்கு தேறியவரைப் பிறருக்கு எடுத்துக்காட்டுவார். கூட்டத்திற்கும் கூட்டத்திற்கும் இடையில் ஓர் ஊழியர் வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கண்டு வருவார். இல்லச் சந்திப்பு நம் ஆயர்களுக்குப் பழகிய பணியாதலின், அவ்வூழியரின் அலுப்பையும் மகிழ்ச்சியையும் நாம் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம்.

இம்முறையில் கடுமையும் இருந்தது. விதிகளுக்கு முற்றிலும் கீழ்ப்படியாதவர்க்கு வகுப்பில் இடமில்லை. அன்றாடக் கூலியால் குடும்பத்தைக் காப்பவனை வேலையை விட்டு ஓய்ந்திருக்கச் சொல்வது எளிது. அவன் வீட்டார் பசியை என்செய்வது? இம்மானுவேல் ஆலயத்தின் பொருளுதவி இங்கேதான் இன்றியமையாததாயிற்று. எனினும் குறிப்பேட்டை ஆராயும் கண் எப்போதும் அன்பின் கண்ணாகவே இருந்ததென்று கூற நாம் துணியவில்லை. வீடு தேடி வந்தவர் தோழராகவும் வந்தார், சோதனையாளராகவும் வந்தார்.

வகுப்பைத் தொடங்கியபோது பிராட் அதன் பயனை முழுதும் உணர்ந்திருக்கவில்லை. பலரை ஒருசேரக் காண்பதால் நேரம் மிஞ்சும் என்பதே அவருடைய முதல் எண்ணம். வேறொன்று நிகழ்ந்தது. பல இனங்களையும் பல சபைகளையும் சேர்ந்த அந்நோயாளர், ஒரே நோயுடையோர் என்ற ஒரே உறவால் பிணைக்கப்பட்டனர். புதிதாக வந்தவர் தம்மைவிட மோசமாக இருந்து தேறியவரைக் கண்ணாரக் கண்டார். மருத்துவரின் நூறு சொற்கள் செய்யாததை அக்காட்சி செய்தது. இதனை 1907இல் பிராட் தாமே எழுதியுள்ளார். 1930இல் அவர் பாஸ்டன் இலவச மருத்துவ நிலையத்தில், மனக்கவலையால் உடல் நலிந்தோருக்கெனப் புதிய வகுப்பு ஒன்றைத் தொடங்கியபோது, அந்தத் தோழமையே மருத்துவமாக அமைந்தது. குழு உளமருத்துவத்தின் முன்னோடியாக இன்று அவர் பெயர் குறிக்கப்படுகின்றது. குருவானவர் வூஸ்டரோ 1906இல் இம்மானுவேல் இயக்கம் என்னும் உளநலப் பணியைத் தொடங்கினார். அது தனியே ஆராயத்தக்கது.

மருந்துகள் வந்த பின்னர் இத்தகைய துணைக்குத் தேவை ஒழிந்ததா? இக்கேள்விக்கு விடை தரும் வாய்ப்பு நம் சென்னைக்குக் கிடைத்தது. 1950களில் இந்தியாவின் காசநோயாளர் தொகை இலட்சக்கணக்கில் இருந்தது. மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கிலேயே இருந்தன. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அம்மையத்தினர் நகரின் ஏழை நோயாளர் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடும் சத்துணவோடும் தாதியர் பணிவிடையோடும் ஓராண்டு மருந்துண்டனர். மற்றவர் அதே மருந்தைத் தம் நெருக்கடியான வீடுகளில், பற்றாக்குறை உணவோடு உண்டனர். (தாம்பரம் சானடோரியம் இதில் இடம்பெற்றது. 1928இல் அதனைத் தோற்றுவித்த டேவிட் சௌரிமுத்து நம் கிறிஸ்தவ மருத்துவர்களுள் ஒருவர். மின்ரயிலில் செல்வோர் அவ்விடத்தின் பெயரை நிலையப் பலகையில் மட்டும் கண்டு கடந்துபோகின்றனர்.)

1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. வீட்டில் இருந்தோர் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. உடன் வாழ்ந்த உறவினருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. சிகிச்சையை இடையில் முறித்துக்கொண்டு வெளியேறியோர் சானடோரியத்தில்தான் மிகுதி. வீட்டை விட்டுப் பிரிந்திருத்தல் அத்துணைச் சுமையாயிற்று. இம்முடிவை 'மருந்தின் வெற்றி' என்றே பாடநூல்கள் கூறுகின்றன. அது மெய்யே. ஆனால் வீட்டில் இருந்தோர் தனியே விடப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் வாரந்தோறும் மையத்திற்கு வந்தனர். ஊழியர் அவர்கள் வீடுகளுக்குச் சென்றனர். மனைவியும் தாயும் உடனிருந்தனர். பாஸ்டனின் இல்லச் சந்திப்பு, பெயர் மாறிச் சென்னையின் தெருக்களில் நடந்ததெனலாம்.

அங்கும் அதே இரட்டைத் தன்மை இருந்தது. ஊழியர் முன்னறிவிப்பின்றி வந்து மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். காரணம் இருந்தது. இருமல் நின்று உடல் தேறியதும் மருந்தை விட்டுவிடுதல் மனித இயல்பு. இந்த அனுபவத்திலிருந்தே, ஒருவர் கண்முன் நோயாளர் மருந்துண்ணும் முறையைச் சென்னை மையத்தினர் 1960களில் ஆய்ந்தனர். அம்முறை பிற்காலத்தில் உலகெங்கும் பரவி, 1997இலிருந்து இந்திய நாட்டின் திட்டமுமாயிற்று. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், மருந்துண்பதைப் பார்க்கும் பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளர் முதலானோருக்குத் தரப்பட்டது. நோயாளரின் குடும்பத்தாருக்குத் தரலாகாது என்பது விதி. எந்தக் குடும்பங்களின் நடுவே 1956இன் ஆய்வு வெற்றி கண்டதோ, அந்தக் குடும்பங்கள் நம்பத்தகாதவையாகிவிட்டன. பல ஆண்டுகள் கழித்தே அவ்விதி தளர்ந்தது.

இம்முறைக்குத் தமிழில் வழங்கும் பெயரில் 'கண்காணிப்பு' என்ற சொல் உண்டு. அச்சொல்லை நாம் இருவகையில் அறிவோம். நம் தமிழ் வேதாகமத்தில் கண்காணி என்பவர் சபையைப் பேணும் மேய்ப்பர். இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களுக்கோ கண்காணி என்பவர் ஆள் கணக்கெடுத்து வேலை வாங்கியவர். காசநோயாளரின் வாயிலில் வந்து நின்றவர் இவ்விருவருள் எவர் என்பதை மருத்துவப் பதிவேடுகள் எழுதி வைக்கவில்லை. நோயாளர் அறிந்திருப்பர்.